தகவைச் சாத்து

போன வாரம் பெரியவளைச் சிவப்புப் பேனாவும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். பாவம், ராத்திரி தூக்கம் வந்திருக்காது என்று யாராவது உச்சுக்கொட்டியிருந்தால், அவளை இத்தனை வாரம் படித்தும் பிரயோஜனமில்லை. நன்றாகத் தூங்கினாள். காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பல் தேய்த்தாள்.

ஏன்? ஓரகத்தி மாட்டிக்கொண்டாள், அதனால்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு நிமிஷம். அண்ணன், தம்பி, ஒரே வீடு. மாடியில் அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம். அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். மனைவி ஏதாவது முறையிட ஆரம்பித்தால் உடனே நடுக்கடலில் சிக்னல் போய்விடும் அவருக்கு. அந்த மனைவிதான் பெரியவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பார்த்து எழுதியதை மோப்பம் பிடிப்பதில் கில்லாடி என்று பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் 'ஜெராக்ஸ் டீச்சர்'. அந்தப் பேரைக் கேட்டால் வெளியே முறைப்பாள், உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள்.

தம்பி மனைவி சின்னவள். இத்தனை வருஷம் வீட்டோடு இருந்தவள், இந்த வருஷம் அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே தமிழுக்கு, டீச்சராக வந்து சேர்ந்தாள். வந்த மாசமே பிள்ளைகள் இடைவேளையில் அவள் மேஜையை மொய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவளுக்கு எரிந்த எரிச்சலில் டீயைச் சூடு பண்ணியிருக்கலாம்.

இதெல்லாம் கூட சகித்துக்கொள்வாள். சகிக்க முடியாதது ஒன்றே ஒன்று. அவளுடைய ஒரே மகள், அம்மாவைத் தாண்டி வளர்ந்த பிறகும் வீட்டில் 'பொடிசு'தான், பள்ளி விட்டு வந்தால் மாடி ஏறுவதில்லை. கீழே சித்தி வீடுதான். சாப்பாடு அங்கே, படிப்பு அங்கே, சிரிப்பும் அங்கே. பெற்ற பிள்ளையை அம்மாவின் வகுப்பில் போடக்கூடாது என்று பள்ளியில் ஒரு விதி. அதனால் பொடிசு பக்கத்துப் பிரிவில், சின்னவளின் வகுப்பில் இருக்கிறாள். சித்திகளைப் பற்றி விதி போட யாருக்கும் தோன்றவில்லை.

"வீட்டுல பொண்ணைத்தான் எடுத்துக்கிட்டா. ஸ்கூலையாவது எனக்கு விட்டுவெச்சிருக்கக் கூடாதா?" என்று புருஷனிடம் போனில் கேட்டாள். சிக்னல் போய்விட்டது.

ஆக, இந்த நிலைமையில்தான் அந்தக் கட்டுரை கையில் கிடைத்தது. பள்ளிக் கட்டுரைப் போட்டி, தலைப்பு 'என்னை வளர்த்தவர்'. போட்டியை நடத்துவது பெரியவள். சின்னவள் தன் வகுப்பிலிருந்து முதலாவதாக எடுத்து வைத்து அனுப்பியது தாளம் எழுதிய கட்டுரை.

தாளம் ஒரு பெண்பிள்ளை. பெஞ்சு, டிபன் பாக்ஸ், முன்னால் உட்கார்ந்திருப்பவளின் முதுகு, எது அகப்பட்டாலும் விரலால் தட்டிக்கொண்டே இருப்பாள். படிப்பு சுமார். எழுத்துப்பிழை அமோகம்.

"இதைப் பாரு," என்று காலையில் ஆசிரியர் அறையில் கட்டுரையைச் சின்னவள் முன்னால் போட்டாள் பெரியவள். "வகுப்பறையை 'வகுப்பரை'ன்னு எழுதறவ இவ. எத்தனை தடவை திருத்தினாலும் அரைதான். இந்தக் கட்டுரைல 'அறை' வர்ற இடத்துல எல்லாம் சரியான ற போட்டிருக்கா. ராத்திரியோட ராத்திரியா ஞானம் வந்துடுச்சா?"

"கவனமா எழுதியிருப்பா அக்கா."

"கவனமா யாரோ எழுதினதை இவ பார்த்து எழுதியிருக்கா. அதுலயும் ஒரு இடத்துல கோட்டை விட்டுட்டா, கழுதை. 'கதவைச் சாத்திவிட்டு'ன்னு எழுத வேண்டிய இடத்துல 'தகவைச் சாத்திவிட்டு'ன்னு எழுதியிருக்கா. எழுத்தை முன்னபின்ன மாத்திட்டா."

அந்த வார்த்தையைச் சுற்றி பெரியவள் போட்டிருந்த சிவப்பு வட்டம் காகிதத்தைக் கிழிக்காத குறை. சின்னவள் அந்த வட்டத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நான் முதல்ல அவகிட்ட தனியாப் பேசிப் பார்க்கறேனே. ஒரு நாள் குடுங்க."

"உன் வகுப்புப் பிள்ளைன்னா தனியா, என் வகுப்புப் பிள்ளைன்னா மைதானத்துல நிக்க வெச்சா? எல்லாருக்கும் ஒரே விதிதான்."

"நான் அப்படிச் சொல்லல..."

"நீ எதுவும் சொல்ல வேணாம். மேடம்கிட்ட சொல்லிட்டேன். வரச் சொல்லியிருக்காங்க."

சின்னவள் டீ டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தாள். பெரியவள் அதைப் பார்த்தாள். இனிப்பாக இருந்தது. பொய் சொல்வானேன், அவ்வளவு இனிப்பாக இருந்தது.

தலைமையாசிரியைக்கு ஒரு பழக்கம். யார் என்ன பேசினாலும் நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்பார். அவர் நிமிர்ந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். பள்ளி விடும் மணி அடித்ததும் தாளம் அவர் மேஜைக்கு முன்னால் நின்றாள், பக்கத்தில் சின்னவள். விரல்கள் பாவாடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.

"நீங்களே கேளுங்க," என்றார் தலைமையாசிரியை, நிமிராமல்.

பெரியவள் தொண்டையைச் செருமினாள். "கட்டுரைல ஒரு சித்தி வர்றாங்களே. யாரு அது?"

"எங்க சித்தி, டீச்சர்."

"உங்கம்மாவுக்குத் தங்கச்சி இருக்கா?"

"இல்ல டீச்சர். மாமாங்கதான்."

"அப்பாவுக்குத் தம்பி?"

"அப்பா ஒரே பிள்ளை."

"அப்போ சித்தி எங்கேருந்து வந்தா? வானத்துலேருந்து குதிச்சாளா?"

தட்டல் வேகமானது. "கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு," என்றார் தலைமையாசிரியை.

"சரி, அதை விடு. தகவுன்னா என்ன?"

தாளத்தின் விரல்கள் மறுபடி பாவாடையைத் தட்ட ஆரம்பித்தன.

"நீதானே எழுதியிருக்க? 'தகவைச் சாத்திவிட்டு'ன்னு. பழைய தமிழ்ல தகவுன்னா தகுதி. தகுதியை யாராவது சாத்துவாங்களாடி?"

"தெரியல டீச்சர். அதுல அப்படித்தான் இருந்துச்சு."

"எதுல?"

தட்டல் நின்றது. தலைமையாசிரியை நிமிர்ந்தார்.

அதற்கப்புறம் அழுகைதான். ஆமாம், பார்த்துத்தான் எழுதினாள். கடைசி நாள் வரைக்கும் ஒன்றும் எழுதவில்லை, பயத்தில் ஒருத்தரிடம் வாங்கி அப்படியே எழுதிவிட்டாள். யாரிடம்? "சொல்லமாட்டேன் டீச்சர். சத்தியம் பண்ணியிருக்கேன்." என்ன மிரட்டியும் நகரவில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை, கண்ணைத் துடைக்கிற சாக்கில், சின்னவளைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைப் பெரியவள் லபக்கென்று பிடித்துக்கொண்டாள். ஓகோ, அப்படியா சேதி! எழுதிக் கொடுத்ததே இவள்தானா? தன் வகுப்பு ஜெயிக்க வேண்டும் என்று தானே எழுதிக் கொடுத்து, தானே முதலாவதாக எடுத்து வைத்தாளா? காலையில் டீ இறங்காததற்கு அர்த்தம் இப்போது விளங்கியது.

"மேடம், பார்த்து எழுதினவளுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை எழுதிக் குடுத்தவங்களுக்கும். அது யாரா இருந்தாலும்," என்றாள், 'யாரா' என்பதில் ஒரு அழுத்தம் கொடுத்து.

"அந்த விதியைக் கொண்டுவந்ததே நீங்கதானே. ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே, நடத்தைச் சான்றிதழ்ல ஒரு வரி. இன்னைக்குள்ள யாருன்னு கண்டுபிடிச்சு எனக்குப் போன் பண்ணுங்க. மத்த வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போங்க, நல்லா யோசிச்சுப் பாருங்க."

சின்னவள் தாளத்தைத் தோளோடு அணைத்து, முகம் கழுவக் கூட்டிப்போனாள். அதையும் பார்த்துக்கொண்டே பெரியவள் பையை எடுத்தாள். பிள்ளை பிடிக்கிறவள் என்று மனசுக்குள் திட்டினாள்.

சாதாரணமாக அவள் வீடு திரும்பும்போது விளக்குப் போட்டிருப்பார்கள். ஸ்பெஷல் கிளாஸ் எடுக்காமல் கிளம்பினதால் இன்றைக்கு வெயில் தாழ்வதற்குள் வந்துவிட்டாள். கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பொடிசு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு மேலே போகலாம் என்று பெரியவள் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

காலடிச் சத்தம் கேட்டு, திரும்பாமலே பொடிசு சொன்னாள்.

"சித்தி, தகவைச் சாத்திட்டு வா. கொசு வருது."

பெரியவள் கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டாள்.

தகவு. கைதவறி எழுதிய பிழை இல்லை அது. மூன்று வயசில் பொடிசுக்குக் கதவு வாயில் நுழையாது, தகவுதான் வரும். நினைவு வந்துவிட்டது. "தகவு இல்லடி. க-த-வு. பத்து தடவை சொல்லு," என்று மடியில் உட்கார வைத்துச் சொல்ல வைத்தது இதே ஜெராக்ஸ் டீச்சர்தான். ஒரு வாரத்தில் திருத்தியும் விட்டாள். திருத்திவிட்டதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். மாடியில்தான் அது கதவு. அவள் காதுபடச் சொன்னால் இலக்கண வகுப்பு ஆரம்பித்துவிடுமே! கீழே, சித்திக்கும் பொடிசுக்கும் நடுவில், அது தகவாகவே இருந்திருக்கிறது.

"என்ன சித்தி, நின்னுட்ட?" என்று திரும்பிய பொடிசு, அம்மாவைப் பார்த்ததும் கலர் பென்சிலைக் கீழே போட்டாள்.

"தாளத்துக்கு எழுதிக் குடுத்தது நீயா?"

பொய் சொல்லத் தெரியாத பெண். தலையாட்டினாள்.

பெரியவள் பையிலிருந்து கட்டுரையை எடுத்தாள். அதுவரை அவள் அதைப் படிக்கவே இல்லை. தப்புத் தேடியிருந்தாள், அவ்வளவுதான். இப்போதுதான் படித்தாள், நின்றபடியே.

'நான் தோற்றுவிட்டு வந்தால் சித்தி ஏன் என்று கேட்கமாட்டாள். தகவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்காருவாள். நான் பேச ஆரம்பிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். அம்மா கேட்பாள். அம்மா கேட்கிற கேள்வி எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் அப்போது பதில் தயாராக வைத்திருக்கமாட்டேன்.'

கோபம் வரவில்லை. சுத்தமான, பச்சைப் பொறாமை. இந்த நாலு வரியில் ஒரு வரி தன்னைப் பற்றி இப்படி இருந்திருந்தால் போதுமே, அந்தப் போட்டியில் ஊரே பார்த்து எழுதியிருந்தாலும் மன்னித்திருப்பாள்.

"இதை ஏன் உன் பேர்ல குடுக்கல?"

"என் பேர்ல குடுத்தா நீ படிப்பியேம்மா."

"அதனால?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் உள்ள வெச்சுட்டேன். தாளம் அழுதா. இதைப் பார்த்து உன் மாதிரி மாத்தி எழுதிக்கோன்னு குடுத்தேன். லூசு, ஒரு எழுத்துகூட மாத்தல." மூக்கை உறிஞ்சினாள். "என் பேர்ல உன்னைப் பத்திதான் எழுதிக் குடுத்தேன். நீதான் அதுல சிவப்பு மைல 'கட்டுரையில் உயிரில்லை'ன்னு எழுதிட்ட."

எழுதியிருந்தாள். தன் மகள் என்று தயவு காட்டவில்லை என்று பெருமையாக வேறு இருந்தது அன்றைக்கு.

பின்னால் சின்னவளின் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள். ஒன்றும் விளக்கத் தேவைப்படவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றாள் பெரியவள்.

"படிச்ச அன்னிக்கே அக்கா."

"தெரிஞ்சேவா முதல்ல எடுத்து வெச்ச?"

சின்னவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "எடுத்து ஓரமாப் போட்டிருக்கணும். கை வரல. என்னைப் பத்தி யாரு எழுதியிருக்காங்க இதுவரைக்கும்? உங்களுக்கு அம்மான்னு ஒரு பேர் இருக்கு, யாரும் எழுதலேன்னாலும் அது போகாது. எனக்கு இந்தக் காகிதம்தான். அதை நாலு பேர் படிக்கணும்னு ஆசையாப் போச்சு. தப்புதான்."

அட! இவளுக்கும் எரிகிறதா? தன்னைப் பார்த்தா? பெரியவளால் நம்ப முடியவில்லை.

"சித்தி மேல தப்பில்லம்மா..." என்று ஆரம்பித்தாள் பொடிசு.

"நீ வாயை மூடு."

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கேளுங்க." சின்னவள் கிட்டே வந்தாள். "இவ சான்றிதழ்ல அந்த வரி ஏறக்கூடாது. மேல படிக்கப் போற பிள்ளை. நான்தான் எழுதிக் குடுத்தேன்னு மேடம்கிட்ட சொல்லிடறேன். வேலை போனாப் போகட்டும். நீங்களும் அப்படித்தானே நினைச்சீங்க? தாளம் என்னைப் பார்த்தப்போ உங்க கண்ணு போன போக்கை நானும் பார்த்தேன்."

யோசித்துப் பாருங்கள். காலையிலிருந்து பெரியவள் எதற்காகத் தவித்தாளோ அது தட்டில் வைத்து நீட்டப்படுகிறது. சும்மா இருந்தால் போதும். நாளைக்கே பள்ளிக்கூடம் அவளுடையது, மகளின் சான்றிதழும் சுத்தம்.

ஆனால் பொடிசு சித்தியைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கண் நிறைய நீர், வாய் பிளந்து, கோயிலில் நிற்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் பெரியவளை உலுக்கிவிட்டது. இவள் பழியை ஏற்றுக்கொண்டால் அப்புறம் ஜென்மத்துக்கும் பொடிசு மாடி ஏறமாட்டாள்.

"ஒண்ணும் வேணாம்," என்றாள். குரல் கிறீச்சிட்டது. "அவ செஞ்ச தப்புக்கு நீ யாரு பழி சுமக்க? அவ என் பொண்ணு. சுமந்தா நான் சுமப்பேன்."

நியாயத்துக்காகச் சொன்னாள் என்று நினைத்து அவளுக்கு மாலை போட்டுவிடாதீர்கள். விட்டுக்கொடுக்க மனசில்லாமல் சொன்னாள். சொன்ன கையோடு போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

"மேடம், கண்டுபிடிச்சுட்டேன். எழுதிக் குடுத்தது என் பொண்ணு."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு, "நீங்களே சொன்னதுக்கு ரொம்ப மரியாதை டீச்சர். வேற ஒருத்தரா இருந்தா மறைச்சிருப்பாங்க," என்றார் தலைமையாசிரியை. பெரியவளுக்குக் கண் கலங்கியது. மகளைப் பார்த்தாள். பொடிசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைல விசாரணை. பெற்றோர் வரணும். ஆனா ஒரு சிக்கல். புகார் குடுத்ததே நீங்க. நீங்க என் பக்கத்து நாற்காலில உட்காரணும். பெற்றோர் நாற்காலில நீங்களே உட்கார முடியாது. அவங்கப்பா வருவாரா?"

"கப்பல்ல இருக்கார் மேடம்."

"அப்போ வீட்டுல வேற பெரியவங்க யாராவது. பிள்ளையையே கேளுங்க, யார் வரணும்னு. நான் லைன்ல இருக்கேன்."

பெரியவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டாள். "நாளைக்கு உன்கூட யாராவது வந்து உட்காரணுமாம். நான் மேடம் பக்கம் உட்காரணும்."

பொடிசு யோசிக்கவே இல்லை. "சித்தி வரட்டும்."

சின்னவள் பொடிசின் தலையில் கை வைத்தாள். பொடிசு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லி மகளைத் தன் பக்கம் இழுத்துவிட்டதாக நினைத்தாளே, அதற்கு இதுதான் பலன். விசாரிக்கிற நாற்காலியில் அம்மா உட்காரணும், தாங்குகிற நாற்காலியில் சித்தி உட்காரணும். நாளைக்கும் கேள்வி கேட்கப்போகிறவள் அவள்தான்.

"அவளோட சித்தி வருவா மேடம்," என்றாள் போனில்.

"நம்ம டீச்சரா? நல்லதாப் போச்சு. அந்தக் கட்டுரையை முதலாவதாத் தேர்ந்தெடுத்தது அவங்கதானே. சொந்த வீட்டுப் பிள்ளை எழுத்து அவங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு இப்போ எனக்கு உறுத்துது. நாளைக்கு அந்தப் பிள்ளை முன்னாடியே கேட்டுடறேன். நீங்க இப்போ எதுவும் சொல்லி வைக்காதீங்க. தயாராகாம வரட்டும்."

போன் வைக்கப்பட்டது. அந்தக் குரல் பெரியவள் காதுக்கு மட்டும்தான் கேட்டது. எதிரே இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கையோடு கை கோத்தபடி.

"என்ன அக்கா சொன்னாங்க?" என்றாள் சின்னவள்.

பெரியவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சரின்னாங்க," என்றாள்.